வாடகை வீட்டு பால்கனியில் சோலார்: ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனியில் வாடகைக்கு இருப்பவர் கூரையில் சோலார் போட முடியாது, கூரை அவருடையதில்லை. ஆனால் பால்கனிக் கம்பியில் இரண்டு பேனலைத் தொங்கவிட்டு, அதன் வயரைச் சுவரிலுள்ள சாதாரண பிளக் பாயின்டில் செருகிவிடலாம். பால்கோன்கிராஃப்ட்வெர்க் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். 2025 நடுவில் அரசுப் பதிவேட்டில் இவற்றின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அடுக்குமாடி வீடுகள் உள்ள எந்தத் தெருவில் நடந்தாலும் ஒன்றிரண்டாவது கண்ணில் படும்.

நம்மவர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் முதல் கேள்வி “எந்த பேனல் வாங்கினீர்கள்?” என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பகலில் உங்கள் வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, பால்கனிக்கு எத்தனை மணி நேரம் வெயில் வருகிறது, வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், பிளக் எங்கே இருக்கிறது என்ற நான்கும் தெரிந்த பிறகு, எதை வாங்குவது என்பது தானாகவே முடிவாகிவிடும். மாட்டுவது அரை நாள் வேலை. அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்து சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது

பேனலில் வருவது நேர்மின்சாரம். பேனலுக்குப் பின்னால் தொங்கும் சின்ன இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றி, பிளக் வழியாக வீட்டு வயரிங்கில் கலக்கிறது. ஃபிரிட்ஜ், ரவுட்டர், லேப்டாப் என்று அந்த நேரத்தில் ஓடுகிற சாதனங்கள் அதை முதலில் எடுத்துக்கொள்கின்றன. போதாத மின்சாரம் வெளியிலிருந்து வரும். மிஞ்சினால் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும், அதற்குக் காசு கிடைக்காது. இந்தச் சின்ன சாதனங்களுக்கு மிச்ச மின்சாரத்தை இனாமாக விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பின்னால் சொல்லும் கணக்கெல்லாம் எளிது.

பலருக்கு வரும் சந்தேகம்: பால்கனி பிளக் ஒரு ஃபேஸில் இருக்கிறது, சமையலறை அடுப்பு வேறு ஃபேஸில் இருக்கிறது, அப்போது பயன் உண்டா? உண்டு. ஜெர்மன் மீட்டர்கள் மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்துத்தான் கணக்குக் காட்டும். எந்த அறையில் செருகினாலும் பில்லுக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஊரில் வீட்டுக்கு வீடு பேட்டரியோடு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் போல, கரண்ட் போனால் இது கைகொடுக்காது. வெளி மின்சாரம் நின்ற கணமே இதுவும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான கட்டாயப் பாதுகாப்பு அது. இங்கே மின்வெட்டு அபூர்வம் என்பதால் இது பெரிய குறையும் இல்லை.

பகல் கணக்கு

ஒரு வார இறுதியில் வெளியூர் போகும்போது மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் மறுபடி எடுங்கள். 48 மணி நேரத்தில் 7 யூனிட் ஓடியிருந்தால், ஆளில்லாத வீடே எப்போதும் சுமார் 145 வாட் இழுக்கிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், ரவுட்டர், காத்திருப்பு நிலையில் இருக்கும் டிவி எல்லாம் சேர்ந்த அடிப்படைச் சுமை இது. வெயில் இருக்கும் நேரமெல்லாம் இந்த அளவு நிச்சயம் பயன்படும். அதற்கு மேல் எவ்வளவு பயன்படும் என்பது பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர், சின்னக் குழந்தையோடு இருப்பவர், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர் இருந்தால் நல்லது. இருவரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் திரும்பும் வீடு என்றால் பலன் குறைவுதான்.

உங்களிடம் புதிய டிஜிட்டல் மீட்டர் இருந்தால் அது அந்த நொடியில் ஓடும் வாட்டையும் காட்டும். ஆனால் தனியுரிமைக்காக அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். மீட்டர் நிறுவனத்துக்கு எழுதினால் நான்கு இலக்க ரகசிய எண் அனுப்புவார்கள். அதை உள்ளிட, பல மீட்டர்களில் பொத்தான்கூட இருக்காது. செல்போன் டார்ச்சை மீட்டரின் சென்சாருக்கு முன் காட்டி, எண்ணி எண்ணி மினுக்க வேண்டும். நிலவறையில் நின்று இதைச் செய்யும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுகொள்ள வேண்டாம்.

நம் சமையலறைப் பொருட்கள் இதற்கு எப்படிப் பொருந்தும்? ரைஸ் குக்கர் பெரும்பாலும் 500 முதல் 700 வாட். நல்ல வெயிலில் மதியச் சாதம் கிட்டத்தட்ட இலவசம். மிக்ஸியும் அதே அளவுதான். மேசை கிரைண்டர் வெறும் 150 வாட், அரை மணி நேரம் மாவரைத்தாலும் பத்தில் ஒரு யூனிட் வராது. அதனால் வெயிலுக்காகக் காத்திருந்து மாவரைக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் இழுத்தால், அதில் ஒரு பங்கைத்தான் பேனல் தரும். வாஷிங் மெஷினும் பாத்திரம் கழுவும் மெஷினும் தண்ணீரைச் சூடாக்கும் நேரத்தில் மட்டும் 2000 வாட் வரை போய், மற்ற நேரம் குறைவாக ஓடும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல், காலை பத்து மணிக்கு ஒன்று, அது முடிந்ததும் அடுத்தது என்று டைமரில் வைப்பதில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது.

வெயிலைப் பார்ப்பது

சென்னையில் வளர்ந்தவருக்கு, பேனல் என்றால் மொட்டை மாடியில் ஏறக்குறையப் படுத்திருக்கும். அங்கே டிசம்பர் மதியத்தில்கூடச் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஸ்டுட்கார்ட்டில் அதே நாளில் வெறும் 18 டிகிரிதான். ஜூன் மதியத்தில் அது 64 டிகிரிக்கு ஏறும். இவ்வளவு தாழ்வாக வரும் வெயிலுக்கு, பால்கனிக் கம்பியில் செங்குத்தாக நிற்கும் பேனல் நினைப்பது போல மோசமில்லை. தெற்கு பார்த்த செங்குத்துப் பேனல், சரியான சாய்வில் வைத்ததில் ஏறக்குறைய 70 சதவீதம் தரும். குளிர்காலத்தில் பனி தங்காது என்பது கூடுதல் நன்மை.

தெற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு என்றால் யோசிக்காமல் இறங்கலாம். கிழக்கு அல்லது மேற்கு என்றால் உற்பத்தி குறையும். ஆனால் மேற்கு பால்கனி மாலையில் சமைக்கும் வீட்டுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். வடக்கு பார்த்ததென்றால் விட்டுவிடுங்கள். திசையைவிட நிழல்தான் ஆளைக் கவிழ்க்கும். எதிர்க் கட்டடம், மரம், மேல்மாடி பால்கனியின் தளம் இவை மூன்றையும் பாருங்கள். சுவருக்குள் குழிந்திருக்கும் லோஜியா வகை பால்கனியில், உள்பக்கம் வைத்தால் கோடை வெயில் பேனலைத் தொடவே தொடாது. குளிர்காலத்தில் இலையில்லாத மரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், மே மாதத்தில் அது வேறு மரம்.

பெர்லினிலுள்ள எச்டிடபிள்யூ பல்கலைக்கழகம் இதற்கென்றே இலவசக் கணிப்பான் ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. ஊர், திசை, சாய்வு, வருட நுகர்வு ஆகியவற்றைக் கொடுத்தால், எவ்வளவு உற்பத்தி, அதில் எவ்வளவு உங்களுக்கே பயன்படும், எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று சொல்லும்.

தோராயக் கணக்கு ஒன்று. தெற்கு பார்த்த பால்கனியில் 440 வாட் பேனல் இரண்டு செங்குத்தாக நின்றால், ஆண்டுக்கு 600 யூனிட் போல வரும். பகலில் ஓரளவு ஆள் இருக்கும் வீட்டில் அதில் 350 யூனிட் பயன்பட்டால், யூனிட்டுக்கு 35 சென்ட் வீதம் ஆண்டுக்கு 120 யூரோ மிச்சம். தாங்கியோடு சேர்த்து 450 யூரோ செலவழித்தால் நான்கு ஆண்டில் கைக்கு வந்துவிடும். உங்கள் கரண்ட் ஒப்பந்தத்தில் யூனிட் விலை என்ன என்பதைப் பார்த்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வீட்டுக்காரரின் அனுமதி

இங்கேதான் அதிகப் பேர் தயங்கி நிற்கிறார்கள். வெளிநாட்டுக்காரர், மொழி தடுமாறுகிறது, வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் சட்டம் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. 2024 அக்டோபர் 17 முதல், ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 554ஆம் பிரிவில், பிளக்கில் செருகும் சோலாரும் முன்னுரிமை பெற்ற மாற்றங்களில் ஒன்றாகிவிட்டது. மாற்றுத்திறனாளிக்கான வசதி, மின்கார் சார்ஜர் ஆகியவை இருக்கும் அதே வரிசை. தகுந்த காரணமில்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. ஆனால் எப்படி மாட்டுவது, எந்த நிறம், யார் சரிபார்ப்பது என்பதில் அவர் சொல்லுக்கும் இடமுண்டு.

அதற்காகக் கேட்காமலே மாட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. கேட்டே ஆக வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். கடிதத்தில் சட்டப் பிரிவை முதல் வரியிலேயே வீசாதீர்கள். அவர் மனதில் ஓடும் கேள்விகளுக்குப் பதிலை முதலில் வையுங்கள். பால்கனியின் படம் ஒன்றில் பேனல் வரும் இடத்தைக் குறித்து இணையுங்கள். பேனல், இன்வெர்ட்டர், தாங்கி மூன்றின் விவரத்தாளையும் சேருங்கள். சுவரிலோ கம்பியிலோ துளை போடப்போவதில்லை என்றும், வீட்டைக் காலி செய்யும்போது என் செலவிலேயே கழற்றிவிடுவேன் என்றும் எழுதுங்கள். உங்களால் பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பேனல் கீழே விழுந்து சேதம் வந்தால் பாலிசியில் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலையும் கடிதத்தோடு இணையுங்கள். எனக்குத் தெரிந்து, வீட்டுக்காரரின் தயக்கத்தை அதிகம் கரைப்பது இந்த ஒரு தாள்தான். இரண்டு மூன்று வாரத்தில் பதில் கேட்டு மரியாதையாக முடியுங்கள். பிரிவு எண்ணைக் கடைசிப் பத்தியில் சொன்னால் போதும்.

பதில் வராமல் இழுத்தால், உடனே கோபப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு பிளாட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். அப்படியானால் வெளித்தோற்றத்தை மாற்றும் எதற்கும் அவர் உரிமையாளர் கூட்டத்தின் முடிவைப் பெற வேண்டும். அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அங்கேயும் 2024 அக்டோபர் முதல் அவருக்கு இதே உரிமை உண்டு, அதை அவருக்கு நினைவுபடுத்துவது உங்கள் வேலை. அதனால்தான் கோடையில் பேனல் வேண்டும் என்றால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே கடிதம் எழுதச் சொல்கிறேன். எந்தப் பதிலும் வராமல் கதவு மூடியே இருந்தால், உங்கள் ஊர் மீட்டர்ஃபெரைன் என்ற வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்து அவர்கள் பெயரில் கடிதம் போடலாம். சொந்த வீட்டுக்காரர்களும் சங்கம் வைத்திருக்கும் நாட்டில் இது சண்டைக்குப் போவதாகப் பார்க்கப்படுவதில்லை.

எதை வாங்குவது

2024 மே 16 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒரு மீட்டருக்குப் பின்னால் பேனல்கள் மொத்தம் 2000 வாட் வரை இருக்கலாம், இன்வெர்ட்டர் வெளியே விடுவது 800ஐத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 600தான் எல்லை. 2000 வாட் பேனல் போட்டு 800 மட்டும் எடுப்பது வீண் என்று தோன்றும். மேகமூட்டத்திலும் காலை மாலையிலும் அதிகப் பேனல் இருப்பது உதவும் என்பது உண்மை. ஆனால் வாடகை வீட்டு பால்கனிக்கு இரண்டு பேனலே போதும். நான்கு மாட்ட இடமும் இருக்காது, அந்தக் காற்றழுத்தத்தைக் கம்பி தாங்குமா என்ற கவலை வேறு.

பேனல் வாங்கும்போது பிராண்டைவிட அளவைப் பாருங்கள். இப்போது வரும் 430, 450 வாட் பேனல்கள் ஏறக்குறைய 1.13 மீட்டர் அகலமும் 1.75 மீட்டர் நீளமும், 21, 22 கிலோ எடையும் கொண்டவை. இரண்டைப் படுக்கவைத்தால் மூன்றரை மீட்டர் பால்கனி வேண்டும். சின்ன பால்கனி என்றால் குறுகிய பேனல்கள் கிடைக்கின்றன, வாட்டுக்கு விலை கொஞ்சம் கூடும்.

இன்வெர்ட்டரைப் பொருத்தும்போது வோல்ட்டேஜைச் சரிபார்ப்பது அவசியம், விற்பவர் இதைச் சொல்வதில்லை. பேனலின் விவரத்தாளில் திறந்த சுற்று வோல்ட்டேஜ் என்று ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 38, 39 போல. அது 25 டிகிரியில் அளந்தது. குளிரில் வோல்ட்டேஜ் ஏறும். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி உள்ள ஜனவரிக் காலையில் பத்து சதவீதம் போலக் கூடி 43ஐத் தொடும். இன்வெர்ட்டரில் பேனல் வயரைச் செருகும் ஒரு வழிக்கு 60 வோல்ட் எல்லை என்றால், ஒரு பேனல் ஒரு வழியில் நிம்மதியாக இருக்கும். இரண்டு பேனலைத் தொடராக இணைத்து ஒரே வழியில் கொடுத்தால் இன்வெர்ட்டர் போய்விடும்.

சான்றிதழையும் கேளுங்கள். ஜெர்மன் கிரிட், அதாவது பொது மின்கட்டமைப்பு, விதியான 4105க்கு உட்பட்டது என்ற தாள் இன்வெர்ட்டரோடு வர வேண்டும். 2023இல் டெய் நிறுவனத்தின் சில மைக்ரோ இன்வெர்ட்டர்களில், இருக்க வேண்டிய ரிலே, அதாவது மின் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச், உள்ளே இல்லை என்று தெரியவந்து, நிறுவனம் தனி ரிலே பெட்டிகளை அனுப்ப நேர்ந்தது. பழைய சரக்கு, இரண்டாம் கை, தள்ளுபடி என்று வரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

2023 ஜனவரி 1 முதல் வீட்டு சோலாருக்கு விற்பனை வரி பூஜ்யம். பில்லில் 19 சதவீதம் இருந்தால் கேள்வி கேளுங்கள். பெர்லினும் மெக்லன்பூர்க் ஃபோர்பொமர்னும் ஒரு சாதனத்துக்கு 500 யூரோ வரை உதவித்தொகை கொடுத்த காலம் உண்டு. உங்கள் நகராட்சியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல திட்டங்களில் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பில்லோடு போனால் கதவு மூடியிருக்கும்.

பேட்டரி? இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மேலே சொன்ன கணக்கில் மிஞ்சுவது 250 யூனிட். அதில் பாதிக்கு மேல் பேட்டரி பிடித்துக் கொடுத்தாலும் ஆண்டுக்கு 50 யூரோ அளவில்தான் நிற்கும். முதல் ஆண்டு பேட்டரி இல்லாமல் ஓட்டி, எவ்வளவு வீணாகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பிளக்கும் வயரிங்கும்

செருகியதைப் பிடுங்கினால் பிளக்கின் ஊசியில் ஷாக் அடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சான்று பெற்ற இன்வெர்ட்டர் நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிடும். உண்மையான அக்கறை வேறு இடத்தில். சுவருக்குள் போகும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வயரை 16 ஆம்பியர் பிரேக்கர் காக்கிறது. பேனல் அதே வயரில் சுமார் மூன்றரை ஆம்பியர் கூடுதலாக விடுகிறது, அது பிரேக்கர் வழியாக வருவதில்லை. அந்தச் சுற்றில் ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடினால், வயரில் 19 ஆம்பியர் ஓடியும் பிரேக்கர் விழாது. நல்ல வயரிங் இதைத் தாங்கும். இருந்தாலும் பேனல் இருக்கும் சுற்றில் பெரிய சுமைகளை வைக்காமல் இருப்பதே நல்லது. நீட்டிப்புப் பலகையில் மற்ற பிளக்குகளோடு சேர்த்துச் செருகுவது கூடவே கூடாது. ஒரு சுற்றில் ஒரு சாதனம், அதுவும் நேராகச் சுவரில்.

கட்டடம் பழையதாக, மீட்டர் பெட்டியில் திருகும் பீங்கான் ஃபியூஸ் இருந்தால், முதலில் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். பால்கனியில் பிளக் இல்லாவிட்டால், ஜன்னல் இடுக்கில் போகும் தட்டை வயர் கிடைக்கிறது. கதவு தினமும் அதை நசுக்கும் இடமாக இருந்தால் வேண்டாம். வெளிப்புற பிளக் பாயின்ட் வைப்பது நிலையான வயரிங் வேலை, அதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஊரில் நாமே ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பழகியிருப்போம். இங்கே அப்படிச் செய்து தீ பிடித்தால் காப்பீடு கையை விரித்துவிடும்.

மாட்டும் நாள்

தாங்கி வாங்கும் முன் கம்பியை அளந்துகொள்ளுங்கள். உருண்டைக் கம்பியா, பட்டைக் கம்பியா, கான்கிரீட் சுவரா என்பதற்கு ஏற்பக் கொக்கி மாறும். கண்ணாடித் தடுப்பு, உளுத்த மரக் கம்பி இரண்டிலும் மாட்டாதீர்கள். இரண்டு பேனலும் தாங்கியும் சேர்ந்து ஐம்பது கிலோ. அதைவிடப் பெரிய விசை, புயல் காற்று பேனலை வெளிப்பக்கம் இழுப்பதுதான். அதனால் மேலே கொக்கி மட்டும் போதாது, கீழேயும் பூட்ட வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் செய்த தாங்கியும் போல்ட்டும் வாங்குங்கள். மலிவு அலுமினியத்தில் சாதா எஃகு போல்ட் போட்டு வருவதை ஒதுக்குங்கள். பேனல் சட்டத்தில் புதிதாகத் துளை போட்டால் வாரண்டி போய்விடும். விவரத்தாளில் குறித்திருக்கும் பகுதியில்தான் கிளாம்ப் பிடிக்க வேண்டும்.

காற்றில்லாத நாளாகப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஞாயிறும் விடுமுறை நாளும் சத்தம் போடும் வேலைக்கு இங்கே இடமில்லை. துளை போடாவிட்டாலும், இரும்பைத் தட்டும் ஓசைக்கே மேல்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார்.

இருவர் வேண்டும். கீழே நடைபாதை இருந்தால் மூன்றாவது ஆள் தெருவில் நின்று ஆட்களை விலக்கிவிட வேண்டும். தாங்கியின் கொக்கிகளையும் இன்வெர்ட்டரையும் அறைக்குள்ளேயே தரையில் வைத்துப் பேனலின் பின்புறம் பூட்டிவிடுங்கள். வெளியே தொங்கிக்கொண்டு திருகுவது எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பேனலின் சட்டத்தில் உறுதியான கயிறு கட்டி, மறுமுனையைக் கம்பியில் முடிச்சிட்ட பிறகுதான் அதைக் கம்பிக்கு மேலே தூக்க வேண்டும். இதை மட்டும் யார் சொன்னாலும் தவிர்க்காதீர்கள். கொக்கி உட்கார்ந்து, கீழ்ப்பூட்டும் மாட்டிய பிறகு, மெல்லிய எஃகுக் கயிறு ஒன்றை நிரந்தரமாகச் சட்டத்துக்கும் கம்பிக்கும் இடையே விடுங்கள்.

பேனல் வயரின் எம்சி4 இணைப்பிகள் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தப்பட வேண்டும். வயர்கள் காற்றில் ஆடாமல், வெயில் தாங்கும் கறுப்புக் கட்டுப்பட்டையால் கட்டுங்கள். வெள்ளைப் பட்டை இரண்டு கோடையில் உடைந்துவிடும். இன்வெர்ட்டரின் மேல் மழை நேராக அடிக்காமல், பின்புறம் காற்றோட்டத்தோடு தொங்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் சுவரில் பிளக்கைச் செருகுங்கள். கழற்றும்போது முதலில் சுவர் பிளக், அப்புறம்தான் பேனல் வயர். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி4ஐப் பிரித்தால் தீப்பொறி பறக்கும்.

செருகிய உடனே ஒன்றும் நடக்காது. இன்வெர்ட்டர் கிரிட்டைச் சில நிமிடம் கவனித்துவிட்டுத்தான் உற்பத்தியைத் தொடங்கும். கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

பதிவும் மீட்டரும்

ஓடத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் மார்க்ட்ஷ்டாம்டாட்டன்ரெகிஸ்டர் என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், குடியேறியதும் முகவரியைப் பதியும் ஆன்மெல்டுங் செய்தவருக்கு இது ஒன்றுமே இல்லை. பேனல்களின் மொத்த வாட், இன்வெர்ட்டரின் வாட், தொடங்கிய தேதி, மீட்டர் எண் ஆகியவை போல ஒருசில விவரங்கள்தான். பதிவு இலவசம். பதிந்ததற்குக் கட்டணம் என்று யாராவது பில் அனுப்பினால் கட்டாதீர்கள். மின்கட்டமைப்பு நிறுவனத்துக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை, அந்த வேலை 2024 மே மாதத்தோடு முடிந்தது.

சக்கரம் சுற்றும் பழைய மீட்டர் உங்கள் வீட்டில் இருந்தால், மிச்சம் வெளியே போகும்போது அது பின்னோக்கிச் சுற்றலாம். புதிய மீட்டரை அவர்கள் வந்து மாற்றும்வரை இதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது, அதற்காகக் காத்திருந்து பேனலைப் பெட்டியில் வைத்திருக்கத் தேவையில்லை. மாற்ற வரும் தேதியைத் தபாலில் சொல்வார்கள், அன்று நிலவறைக் கதவைத் திறந்துவிட யாராவது இருக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் டிசம்பரில் எண்களைப் பார்த்து மனம் உடைவார்கள். ஜூனில் வருவதில் சிறு பகுதிதான் அப்போது வரும், சில நாள் கால் யூனிட்கூடத் தேறாது. இது கோளாறு இல்லை. செயலியைத் தினமும் பார்ப்பதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை மீட்டரை ஒப்பிடுவது மேல். கழுவ வேண்டியதும் பெரும்பாலும் இல்லை, செங்குத்துப் பேனலை மழையே கழுவிவிடும். வசந்தத்தில் மஞ்சள் மகரந்தம் படிந்தால் ஈரத்துணி போதும். பெரிய புயலுக்குப் பிறகு மட்டும் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். எதிர்வீட்டில் கண் கூசுகிறது என்று யாராவது சொன்னால், சாய்வை ஒரு விரல் அளவு மாற்றிப் பார்க்கலாம்.

“இதையே ஊர் வீட்டில் போடலாமா?” என்று கேட்பவர்களும் உண்டு. ஊர் வீட்டில் செய்வது வேறு வேலை. வெளியே போகும் மின்சாரத்தைப் பில்லில் கழிக்கும் நெட் மீட்டரோடு கூரையில் போடுவது, 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம், மின்வாரியத்தின் ஒப்புதல் என்று அதன் வழியே தனி. இங்கிருந்து பிளக் வகையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வீடு மாறும்போது பேனலை எடுத்துப்போகலாம். பதிவேட்டில் பழைய இடத்தில் நிறுத்தியதைக் குறித்துவிட்டு, புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதிய வீட்டுக்காரரிடம் அனுமதியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஊருக்கே திரும்புவதென்றால், பில்லும் சான்றிதழும் கையில் இருந்தால் இரண்டாம் கைச் சந்தையில் போகும். விற்காத, உடைந்த பேனலை வெர்ட்ஷ்டோஃப்ஹோஃப் என்ற நகராட்சி மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடலாம், குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.